எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்

ஜனவரி 12

அக்காவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். எடுத்திருந்தாலும் "சாப்பிட்டியா" என்று கேட்டிருப்பேன், நீ "ம்" என்றிருப்பாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வந்திருக்காது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

இத்துடன் ஒரு நாவலும் என் ஆய்வேட்டின் ஓர் இயலும் அனுப்பியிருக்கிறேன். நாவல் தமிழில் மொழிபெயர்த்ததுதான். ஒரு துறைமுக நகரத்தில் ஒரே ஒரு நாள் நடக்கும் கதை. வேலை போன ட்ராம் கண்டக்டர் ஒருவர், குரல் போன பாட்டு டீச்சர் ஒருத்தி. இருவரும் அந்த நகரத்தில் காலையிலிருந்து மாலை வரை நடக்கிறார்கள். ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை. ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாது. ஆனால் இவருக்கு நடப்பது ஏதோ ஒரு விதத்தில் அவளுக்கும் நடக்கிறது. அந்தப் பொருத்தங்கள்தான் என் ஆய்வு. ஏழு பொருத்தம் கண்டுபிடித்திருக்கிறேன்.

என் நெறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மார்ஜின் சார். வாயால் அதிகம் சொல்ல மாட்டார், எல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். இந்த இயலின் ஓரத்தில் "பட்டியல் போட்டிருக்கிறாய். பட்டியல் ஆய்வாகாது. இந்த இருவரையும் சேர்த்துக் கட்டுவது எது?" என்று எழுதியிருக்கிறார். மார்ச் நடுவில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கண்டக்டரின் கோட்டுக்கு "உள்துணி" என்று வருகிறது. கோட்டுக்கு உள்ளே இன்னொரு துணி இருக்குமா?

பட்டமளிப்பு நாளைப் பற்றி மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உன் தங்கை


ஜனவரி 20

உள்துணி என்றால் லைனிங். இதைக் கேட்க நானூறு பக்கப் புத்தகத்தைக் கூரியரில் அனுப்ப வேண்டுமா? நீ பிறந்ததிலிருந்து நான் தைத்த பாவாடையையும் சட்டையையும் போட்டு வளர்ந்தவள். உனக்கு லைனிங் தெரியாதாம்.

நீ கிழித்துப்போட்டதை நான் எழுதுகிறேன். உனக்கு வாடகைக்குக் கொடுத்த பட்டமளிப்பு அங்கி தரையில் இழுத்தது. முந்தின நாள் உட்கார்ந்து அதை நான்கு விரல் தூக்கித் தைத்தேன். மறுநாள் மண்டபத்து வாசலில் மண்டியிட்டு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். உன் தோழி வந்து "யாருடி இவங்க?" என்றாள். நீ "தைக்கிறவங்க" என்றாய்.

பொய் இல்லை. நான் தைக்கிறவள்தான். வாயில் இரண்டு ஊக்கு இருந்ததால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஊக்கைக் குத்தி முடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஒன்பது மாதம் ஆகிறது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கடையில் எனக்கு எதிரே இருக்கும் மிஷின்காரி விடவில்லை. ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறாள், மிஷினைவிட வேகமாகப் பேசுவாள், அதனால் அவள் பெயரே ஓவர்லாக். "இவ்ளோ தடிமனா இருக்கே, நல்லாத்தான் இருக்கும், படிக்கா" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். அவளுக்காகத்தான் படிக்கிறேன். உனக்காக இல்லை.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

உன் கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அறைக்குப் போய்ப் படிக்கப் பயமாக இருந்தது, அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைப் பற்றிய வெட்கம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அவள் தன் அக்கா டாக்டர் என்று சொல்லியிருந்தாள். நீ தரையில் மண்டியிட்டிருந்தாய், உன் முழங்காலில் தூசி இருந்தது. "அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு சொல் வந்துவிட்டது. பிறகு மேடையேறிக் கை குலுக்கி இறங்கி வந்து தேடினேன். அம்மா "அவளுக்கு வேலை இருக்காம், போயிட்டா" என்றாள். புகைப்படத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம். அப்பா இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறார்.

மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். எழுத வருகிறது. யார் முன்னாலாவது வாயால் சொல்ல வேண்டி வந்தால் சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்னை.

நாவல் எப்படி இருக்கிறது? ஓவர்லாக் அக்கா என்ன சொல்கிறார்?

தங்கை


பிப்ரவரி 17

ஊமைக்கோட்டானுக்கு,

புத்தகம் முடிந்துவிட்டது. இருபது நாள் சாப்பாட்டு நேரம் அதிலேயே போனது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்து முப்பத்தாறு வரை ஒரு முற்றுப்புள்ளி இல்லை. எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஓவர்லாக் "இந்த ஆளு என்ன மாதிரியே பேசுறானே" என்று குஷியாகிவிட்டாள். அவளுக்கு ஒரே கவலை, "ரெண்டு பேரும் எப்பதான்க்கா பார்த்துப்பாங்க?" கடைசி வரை பார்க்கவில்லை என்றதும் அன்று சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சத்தமில்லாததைப் பார்த்து முதலாளியம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எனக்குப் பிடித்திருந்தது. அந்த டீச்சர் படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறுகிறாள் பார், நானும் எண்ணுவேன். எங்கள் கடைக்கு இறங்க பதினான்கு படி.

அப்புறம் உன் இயலைப் படித்தேன். இருவரும் படி எண்ணுகிறார்கள், இருவரும் தபாலில் போடாத கடிதம் வைத்திருக்கிறார்கள், எல்லாம் சரி. ஏழாவது பொருத்தத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கண்டக்டர் கோட்டின் லைனிங்கில் தையல்கள் "வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிச் சாய்ந்திருந்தன" என்று புத்தகத்தில் இருக்கிறது. டீச்சர் பாவாடையின் கீழ்மடிப்பை விரலால் தடவும்போது "மழை எதிர்ப்பக்கம் சாய்ந்ததுபோல்" என்று இருக்கிறது. நீ என்ன எழுதியிருக்கிறாய்? "இருவரும் கைதேராத ஒருவர் ஒட்டுப்போட்ட ஆடையை அணிந்திருக்கிறார்கள். இந்தக் குறையுள்ள தையல் அவர்கள் மனத்தின் சிதைவைக் காட்டுகிறது."

குறையுள்ள தையலா? யார் சொன்னது?

விளிம்பை மடித்துக் கையால் எம்மிங் போடும்போது தையல் ஒரு பக்கம் சாயும். வலது கைக்காரர் தைத்தால் எல்லாம் ஒரு பக்கம். இடது கைக்காரர் தைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம். அவ்வளவுதான். பலம் அதேதான், நெருக்கம் அதேதான். பார்க்கிறவர்களுக்குத்தான் தப்பாகத் தெரியும். ஒருத்தர் என்னிடம் பேன்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஏம்மா, தலைகீழா தச்சிருக்கே" என்றார். "நடந்து பாருங்க சார், அவுந்தா கொண்டு வாங்க" என்றேன். நான்கு வருடம் ஆயிற்று, இன்னும் கொண்டுவரவில்லை.

நான் எந்தக் கையால் தைக்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அந்த இருவருக்கும் தைத்துக் கொடுத்தது ஓர் இடது கைக்காரர். நன்றாகத் தைத்திருக்கிறார். உன் கண்டக்டரும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, சரி. அவர்கள் இருவர் துணியையும் பார்த்த ஓர் ஆள் இருக்கிறார் இல்லையா?

அக்கா


பிப்ரவரி 24

அக்கா, அக்கா,

இடது கை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா ஸ்பூனை எடுத்து வலது கைக்கு மாற்றி வைப்பார், நீ அவர் திரும்பியதும் மாற்றிக்கொள்வாய். எப்படி நான் ஏழாவது பொருத்தத்தை அப்படி எழுதினேன்? பத்தொன்பது வருடம் அந்தச் சாய்வை உடம்பில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கடிதம் வந்ததும் ஊசி நூல் கடன் வாங்கி ஒரு கைக்குட்டையில் தைத்துப் பார்த்தேன். வலது கையால் ஒரு வரிசை, இடது கையால் ஒரு வரிசை. இடது கையில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டேன். ஆனால் சாய்கிறது! நீ சொன்னபடி எதிரெதிராகச் சாய்கிறது. அறைத்தோழிகள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு நாவலை முழுக்க மறுபடி படித்தேன், இந்த முறை தைக்கிற ஆளைத் தேடி. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் கிடைத்தாள். ஒரே ஒரு வாக்கியம். டீச்சர் தெருவைக் கடக்கும்போது, "மேல்மாடிச் சன்னலில் ஒரு பெண் தெருவுக்குப் பக்கவாட்டாக அமர்ந்து, வெளிச்சத்தை வலது தோளில் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள்." எந்த ஆய்வாளரும் இவளைப் பற்றி எழுதவில்லை. நானும் நான்கு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இவள்தானா? ஆனால் எந்தக் கையில் ஊசி என்று எழுதவில்லையே!

மார்ஜின் சாரிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டைக் கை மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். "மிஷின் தையல்" என்றார் ஏமாற்றத்தோடு.

தங்கை


மார்ச் 3

வலது தோளில் வெளிச்சம் என்றால் இடது கைதான். சந்தேகமே வேண்டாம்.

தைக்கிற கையின் நிழல் துணியில் விழக் கூடாது. வலது கைக்காரர் சன்னலை இடது பக்கம் வைத்து உட்காருவார். நான் சன்னலை வலது பக்கம் வைத்து உட்காருவேன். எங்கள் தையல் அறையில் ஒரே ஒரு சன்னல், அதுவும் தரைமட்டத்தில், ஆட்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். நான் சேர்ந்த அன்று எல்லோரும் ஒரு வரிசையாக உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அதனால்தான் ஓவர்லாக்குக்கு நேர் எதிரே உட்காரும்படி ஆனது. அதனால்தான் இவ்வளவு பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கியத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா, உன்னப் பத்தி எழுதியிருக்கான்க்கா!" என்று கத்தினாள். "போடி, அது ட்ராம் ஓடின காலத்துக் கதை, நான் அவ்ளோ வயசானவளா?" என்றேன். ஆனாலும் அன்று மத்தியானம் நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தேன்.

எழுதின ஆள் யாரோ, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். இல்லையென்றால் வலது தோள் என்று எழுத வராது.

உன் விரலில் மஞ்சள் வைத்தாயா?

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

நேற்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதி, நீல அட்டை. ஏழாவது பொருத்தம் இப்போது தனி இயல். "சன்னலோரப் பெண்" என்று தலைப்பு. இருவரும் சந்திப்பதில்லை, அவர்களைச் சந்தித்தவள் ஒரு வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நாவலின் முடிச்சு அவள் கையில் இருக்கிறது என்று முடித்திருக்கிறேன். மார்ஜின் சார் ஓரத்தில் ஒரே ஒரு டிக் போட்டார். அவர் டிக் போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அந்த இயலை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். எண்பத்து நான்காம் பக்கத்தில் அடிக்குறிப்பு இருக்கிறது. சாய்வு, வெளிச்சம் இரண்டுக்கும் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. "குடும்பக் கடிதத்தை எல்லாம் ஆதாரமா ஏத்துக்குவாங்களான்னு தெரியல, பொதுவா எழுதிடு" என்றார் சார். அதனால் "தையல் வல்லுநர் ஒருவர் தெரிவித்தது" என்று போட்டிருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வு ஏப்ரல் 7. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். வகுப்பில் எல்லோரும் வந்து உட்காருவார்கள்.

தங்கை


மார்ச் 22

இயல் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். ஓவர்லாக்குக்கும் படித்துக் காட்டினேன்.

எண்பத்து நான்காம் பக்கம் வந்ததும் அவள், "யாருக்கா அந்த வல்லுநரு?" என்று கேட்டாள். நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சீக்கிரம் தூங்கு.


ஏப்ரல் 9

அக்கா,

உன் கடிதத்தில் கீழே "அக்கா" என்று இல்லை. பதினாறு நாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பிரதியும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன, அச்சிட்டதை அழிக்க வழி இல்லை. பதில் எழுதவும் கை வரவில்லை. எழுதினால் மறுபடி கடிதத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்டதாக ஆகியிருக்கும்.

முந்தாநாள் தேர்வு. முப்பது பேர் இருந்தார்கள். மண்டப வாசலில் உன்னைப் பற்றிக் கேட்ட தோழி இரண்டாவது வரிசையில். வெளித்தேர்வாளர் ஓர் அம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா" என்று நான்கு தடவை சொன்னார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த ஆய்வேட்டிலேயே புதுசா இருக்கிறது இந்த இயல்தான். இந்த 'தையல் வல்லுநர் ஒருவர்' யாரும்மா?"

மார்ஜின் சார் மேசையைப் பார்த்தார்.

"என் அக்கா, மேடம்."

"டெக்ஸ்டைல் டிசைன்ல பேராசிரியரா?"

"இல்ல மேடம். ஒரு சலவைக் கடையில, கீழ ரூம்ல, ஆல்டரேஷன் வேலை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கா. இடது கை. இந்த நாவலைச் சாப்பாட்டு நேரத்துல படிச்சா. நான் அந்தத் தையல் மோசமான தையல்னு எழுதியிருந்தேன். அவதான் தப்புன்னு சொன்னா. இந்த இயல்ல இருக்கிற விஷயம் அவளோடது. எழுத்து மட்டும்தான் என்னோடது."

இவ்வளவையும் நிறுத்தாமல் சொன்னேன். அந்த முப்பத்திரண்டாம் பக்கம் மாதிரி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"அப்ப இதை ஏன் இங்க எழுதல?"

"பயந்துட்டேன் மேடம்."

"யாருக்கு?"

சுற்றிலும் பார்த்தேன். சார், தோழி, மற்றவர்கள். யாரும் பயப்படும்படி இல்லை. "தெரியல மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. ஒரு சந்தேகம். ரெண்டு துணியையும் ஒரே பெண்தான் தச்சான்னு எழுதியிருக்கீங்க. ஒரு நகரத்துல ரெண்டு இடது கைக்காரங்க இருக்கக் கூடாதா?"

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். "எழுத்துல வாங்கிக்கிட்டு வாங்க. அதையும் அடிக்குறிப்புல சேத்துடுங்க, ஒழுங்கா" என்றார்.

தேர்ச்சி பெற்றுவிட்டேன் அக்கா, இரண்டு திருத்தங்களோடு. இரண்டுமே உன்னைப் பற்றியவை. இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வெளியே வந்ததும் அந்தத் தோழி, "உங்க அக்காவா அவங்க? என் ஜாக்கெட் ஒன்ன கொஞ்சம் பிரிச்சுத் தருவாங்களா?" என்றாள். அவளே கேட்கட்டும் என்று உன் கடையின் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

தேர்வாளரின் கேள்விக்கு என்ன பதில்?

உன் தங்கை


ஏப்ரல் 14

ஊமைக்கோட்டானாக இருந்தவளுக்கு,

போனில் நேற்று ஒரு மணி நேரம் பேசியும் இதைச் சொல்லாததற்குக் காரணம், அந்த அம்மா எழுத்தில் கேட்டிருக்கிறார். என்னிடம் எழுத்தில் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, அளவைத் தவிர.

ஓவர்லாக், "ஒரே ஆளுதான்னு அடிச்சுச் சொல்லிடுக்கா, பட்டம் கைய விட்டுப் போயிடப் போகுது" என்கிறாள். உன் அத்தானும் அதைத்தான் சொல்கிறார். நான் கோட்டு, பாவாடை, சன்னல் என்று மூன்று இடத்தையும் வெளிச்சத்தில் வைத்து மறுபடி படித்தேன். படித்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பாவாடை வந்தது. இடுப்பைச் சுருக்கச் சொல்லி. திருப்பிப் பார்த்தால் கீழ்மடிப்பில் என் தையல். அதே சாய்வு, அதே நெருக்கம். நான் எப்போது இதைத் தைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிறகு ஓரத்துக்குப் போய் நூல் முடிந்த இடத்தைப் பார்த்தேன். நான் முடிச்சை மடிப்புக்குள் தள்ளிவிடுவேன். இதில் முடிச்சு இல்லை, அதே இடத்தில் மூன்று தடவை குத்தி நிறுத்தியிருந்தது. நான் இல்லை. வேறொருத்தி, அல்லது ஒருத்தன். இந்த ஊரில்தான் எங்கோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடுப்பை மட்டும் சுருக்கினேன். கீழ்மடிப்பில் கை வைக்கவில்லை.

அதனால் தேர்வாளர் அம்மாவுக்குப் பதில் இது. இரண்டு பேராகவும் இருக்கலாம். சாய்வை வைத்து எந்தக் கை என்று சொல்ல முடியும், யார் கை என்று சொல்ல முடியாது. அதற்கு நூல் முடிந்த இடத்தைப் பார்க்க வேண்டும், துணியைக் கையில் வாங்கித் திருப்ப வேண்டும். புத்தகத்தில் துணி இல்லை. இல்லாததை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உன் ஆய்வேட்டில் "ஒரே பெண்" என்று இருக்கும் இடத்தில் எல்லாம் "ஒரே பெண்ணாக இருக்கலாம்" என்று மாற்று. ஒரு வார்த்தைதான் கூடும்.

இதை அப்படியே அடிக்குறிப்பில் எழுது. யார் சொன்னது என்பதையும் எழுது.

அக்கா